கர்னேவோவின் தட்டுகள் வீடு திரும்பிய கதை

கர்னேவோ மட்பாண்ட ஆலையிலிருந்து விற்பனைக்குப் போன முதல் தட்டு, 1972ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், விற்ற சில நாட்களிலேயே ஊருக்குத் திரும்பி வந்தது. விளிம்பில் நின்று உருண்டபடி, கார்லோவோ சாலை வழியாக, லாரிகளுக்கு இடம் விட்டு ஓரமாகவே வந்தது. அதன் உட்பக்கத்தில் பூண்டு போட்ட தயிர் காய்ந்து ஒட்டியிருந்தது. ஆலை வாசலை அடைந்ததும், கை தவறி விழுந்த நாணயம் சுற்றுவதைப் போலச் சற்றுச் சுற்றிவிட்டு மல்லாந்து படுத்துக்கொண்டது. காவலாளி எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஆலையின் முத்திரை இருந்தது. அதற்குள் இன்னும் மூன்று தட்டுகள் வந்துவிட்டன. பொழுது சாய்வதற்குள் ஊறுகாய்ச் சாடி ஒன்று தத்தித் தத்தி வந்து சேர்ந்தது. வழியில் எங்கோ அதன் கைப்பிடி போயிருந்தது. அந்த வருடம் பிளம் பழம் அமோகமாகக் காய்த்திருந்தது. ஊரே அந்தப் பழத்தில் ரக்கியாச் சாராயம் காய்ச்சுவதில் மும்முரமாக இருந்ததால் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதற்கெல்லாம் காரணம் மின்கா. தட்டுகளுக்குப் பூப்போடும் பகுதியில் அவளுக்கு வேலை. மாட்டுக் கொம்பின் முனையில் கோழி இறகைச் செருகி, அதன் வழியே சாயத்தைச் சொட்டுச் சொட்டாகச் சுழலும் தட்டில் விடுவாள். சொட்டுகள் ஓடிப் பூவாகும். ஆலையின் ஒரே லாரியை ஓட்டிய ஸ்பாஸுக்கும் அவளுக்கும் அந்தக் கோடையில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. ஸ்பாஸ் நல்லவன்தான். ஆனால் சில குடும்பங்களில் வழுக்கை பரம்பரையாக வருவதைப் போல, அவன் குடும்பத்து ஆண்களுக்கு வெளியே போனால் திரும்பி வராத குணம் பரம்பரையாக வந்துகொண்டிருந்தது. தாத்தா உப்பு வாங்கப் போனவர், போனவர்தான். அப்பா பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் பன்றி வாங்கப் போனார். இரண்டு வருடம் கழித்து அர்ஜென்டினாவிலிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. அதில் பன்றி நலம் என்று எழுதியிருந்தார்.

கர்னேவோவில் யார் வெளியூர் கிளம்பினாலும் அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவார்கள். தண்ணீர் மாதிரித் தடையில்லாமல் போய், தண்ணீர் மாதிரித் திரும்பி வரட்டும் என்று அர்த்தம். பட்டாளத்துக்குப் போகிறவனுக்கு ஊற்றுவார்கள், பரீட்சைக்குப் போகிற பெண்ணுக்கு ஊற்றுவார்கள், பல் பிடுங்கப் போகிறவருக்கும் ஊற்றுவார்கள். அதனால் முதல் சரக்கு ஏற்றிய லாரி, பித்தளை வாத்தியம் முழங்க, கொடிகள் அசைய, ஆலை வாசலைத் தாண்டியபோது, புதுப்பெண் மின்கா செப்புக் குடத்தோடு ஓடிவந்து முழுக் குடத்தையும் லாரிக்குப் பின்னால் கவிழ்த்ததைப் பார்த்து எல்லோரும் கைதட்டினார்கள். அவள் மனதில் இருந்தது ஸ்பாஸ் மட்டும்தான். லாரியில் வேறு என்னவெல்லாம் இருந்தது என்று அவள் யோசிக்கவில்லை. அன்று மட்டுமல்ல, அதற்குப் பிறகு லாரி கிளம்பிய ஒவ்வொரு முறையும் ஊற்றினாள். ஸ்பாஸ் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தான். சில நாள் கழித்துத் தட்டுகளும் வந்தன.

ஆலையின் இயக்குநர் ராங்கெலோவ் எதையும் கண்டு பதறுகிற ஆள் இல்லை. வாசலில் குவிந்து கிடந்த தட்டுகளைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு காவலாளியைக் கூப்பிட்டார்.

"இது எந்த ஆலைத் தட்டு?"

"நம்ம ஆலைத் தட்டுதான், தோழரே."

"இப்ப எங்க இருக்கு?"

"நம்ம ஆலையிலதான்."

"நம்ம தட்டு, நம்ம ஆலையில இருக்கு. அப்ப அது உற்பத்திதானேய்யா. கழுவி எழுதிக்க."

அப்படித்தான் கர்னேவோ தழைத்தது. திரும்பி வந்த தட்டுகளைக் கழுவி, வைக்கோல் சுற்றி, மறுபடி அனுப்பினார்கள்; அவை மறுபடி வந்தன. ஐந்தாண்டுத் திட்டத்தின் இலக்கை ஆலை முதல் ஆண்டிலேயே தாண்டியது. சூளையைப் பற்றவைக்க வேண்டிய அவசியம் படிப்படியாகக் குறைந்து, சூளைக்காரர்கள் அதன் கதகதப்பில் உட்கார்ந்து சொக்கட்டான் ஆடினார்கள். ஊருக்கு நீச்சல்குளம் வந்தது, இரண்டாவது பள்ளிக்கூடம் வந்தது, சதுக்கத்தில் ஒரு தட்டின் சிலை வந்தது. தலைநகரிலிருந்து வந்த அதிகாரிகள் இவ்வளவு சிறிய சூளையிலிருந்து இவ்வளவு பாண்டம் எப்படி என்று கேட்டார்கள். "மக்கள் உற்சாகம்" என்றார் ராங்கெலோவ். அவர்களும் குறித்துக்கொண்டு போனார்கள். பர்காஸ், ரூஸே நகரங்களில் இல்லத்தரசிகள் தட்டுகளை மேசைக் காலில் கட்டிவைத்தார்கள். கட்டத் தெரியாதவர்கள் வீட்டில் மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டார்கள். ஆனால் கடையில் வேறு தட்டு கிடைக்காத காலம் அது. திட்டிக்கொண்டே போய் மறுபடியும் கர்னேவோ தட்டையே வாங்கினார்கள். பல சமயம் அதே தட்டை.

தொண்ணூறாம் ஆண்டு வாக்கில் அரசு மாறியது, கொடிகள் மாறின, ராங்கெலோவின் கழுத்துப்பட்டையும் சிவப்பிலிருந்து நீலமாக மாறியது. அவர் மட்டும் அதே நாற்காலியில் இருந்தார். இனி வெளிநாட்டுக்கு விற்க வேண்டும் என்றார்கள். வியன்னாவிலிருந்து ஒரு வியாபாரி லாரி நிறையத் தட்டு வாங்கிப் போனார். அடுத்த மாதமே எல்லைச் சாவடியில் ஆயிரக்கணக்கான தட்டுகள், காகிதம் எதுவும் இல்லாமல், வரிசை தவறாமல் நின்றன. சுங்க அதிகாரிகள் அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் மூன்று நாள் மேலும் கீழும் பார்த்துவிட்டு, வெளிநாட்டில் வேலை முடித்துத் திரும்பும் குடிமக்களுக்கான வழியில் விட்டார்கள். வியன்னாக்காரர் மரியாதையாக ஒரு கடிதம் எழுதினார். இரண்டாவது வியாபாரி மரியாதை இல்லாமல் எழுதினார். மூன்றாவதாக இத்தாலியின் ட்ரியெஸ்டேயிலிருந்து ஒருவர், இருக்கிற இடத்தில் இருக்கும் தட்டு என்றால் மட்டும் வாங்குகிறேன் என்று சொல்லியனுப்பினார். ராங்கெலோவ் ஊர் வாசகசாலையில் கூட்டம் போட்டார்.

கூட்டத்தில் முதலில் எழுந்தவள் வீதா. மின்காவுக்கு அடுத்த இருக்கையில் இருபது வருடமாகப் பூப்போட்டவள்; நாக்கில் சாயமே இல்லாதவள், உள்ளதை உள்ளபடி சொல்வாள்.

"இதுல ஆராய என்ன இருக்கு? இவ லாரிக்குப் பின்னாடி தண்ணி ஊத்துறா. லாரியில இவ புருஷன் மட்டுமா போறான்? எது புருஷன், எது தட்டுன்னு தண்ணிக்கு எப்படித் தெரியும்?"

கூட்டம் இருபது வருடத்தை ஒரு நிமிடத்தில் நினைத்துப் பார்த்தது. பிறகு எல்லோரும் மின்காவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இந்த ஒரு தடவை ஊத்தாம இரும்மா," என்றார் ராங்கெலோவ். "ஊரே இதை நம்பி இருக்கு."

"அப்புறம் இவர் வரலைன்னா?"

"அடியே, இந்த மூஞ்சியை எவ வச்சுக்குவா?" என்றாள் வீதா. சிரிப்பு எழுந்தது.

"எவளோ வச்சுக்குவான்னு எனக்குப் பயமில்ல அக்கா. இவருக்கு வழி தெரியாது. அதான் பயம்."

ஸ்பாஸ் எழுந்து நின்றான். நாற்பது வயதுக்கு மேல் ஊர்ச் சபையில் இப்படிப் பேச்சுக் கேட்பது அவனுக்குக் கூச்சமாக இருந்தது. "நான் என்ன ஊறுகாய்ச் சாடியா? இருபது வருஷமா லாரி ஓட்டுறேன். வந்துருவேன் மின்கா, விடு."

மின்கா சரி என்றாள். சரி என்றாளே தவிர, ஸ்பாஸ் கிளம்பிய காலை, அவன் ஆலைக்கு நடந்து போகும்போதே வீட்டு வாசலில் ரகசியமாக ஒரு குடம் ஊற்றிவிட்டாள். அப்போது அவனோடு தட்டு எதுவும் இல்லை அல்லவா? தெருமுனை வரை போன ஸ்பாஸ் சிகரெட்டை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்தான். எடுத்துக்கொண்டு மறுபடி போனான். ஊற்றிய தண்ணீர் அந்தத் திரும்பலிலேயே செலவாகிப்போனது. ஒரு பயணத்துக்கு இரண்டு தரம் ஊற்றும் வழக்கம் கர்னேவோவில் இல்லை; ஆலை வாசலிலோ ராங்கெலோவே காவலுக்கு நின்றார். லாரியின் பின்புறம் காய்ந்த தரையைப் பார்த்தபடி மின்கா கை அசைத்தாள்.

தட்டுகள் ட்ரியெஸ்டேயிலேயே இருந்துவிட்டன. ஸ்பாஸும் இருந்துவிட்டான். அவன் மேல் குற்றம் சொல்ல முடியாது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஊருக்குக் கிளம்பினான். முதல் வாரம் எதிர்த்திசையில் பொலோனியாவில் போய் நின்றான். அடுத்த வாரம் மலையேறிப் போய் சுவிட்சர்லாந்துப் பசுக்களைப் பார்த்துவிட்டு வந்தான். ஒருமுறை நேபிள்ஸ் வரை போய்விட்டான். வீதாவின் வீட்டுத் தொலைபேசியில் மின்காவை அழைப்பான்.

"காலையில சூரியன் மூஞ்சிக்கு நேரா இருக்கணும். அவ்வளவுதானே?" என்பாள் அவள்.

"நேராத்தான் வச்சுக்கிட்டுப் போறேன். இங்க அது வேற பக்கம் உதிக்குது."

"ஊருக்கு வர ஆசை இருக்கா, இல்லையா? அதைச் சொல்லு."

"ஆசை இல்லாமலா வாராவாரம் பெட்ரோலைக் கொளுத்துறேன்?"

பக்கத்தில் ஜன்னல் துடைப்பதுபோல் நின்று கேட்கும் வீதா, இணைப்புத் துண்டித்ததும், "அங்க ஒருத்தி இருக்கா" என்பாள். மின்கா வீட்டுக்குப் போய், செய்ய வேறு வேலை இல்லாதவள்போல் செப்புக் குடத்தைப் புளித்த மோர் போட்டுத் தேய்ப்பாள். மற்றவர்கள் சொல்வது பொய்யாகவும் இருக்கலாம், அவன் சொல்வது பொய்யாகவும் இருக்கலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்பது வருடம் போனது.

ஆலையும் பிழைக்கவில்லை. கர்னேவோ தட்டு இருக்கும் இடத்தில் இருக்க ஆரம்பித்தபோதுதான் அது எவ்வளவு உறுதியானது என்பது உலகத்துக்குத் தெரிந்தது. ஒருமுறை வாங்கியவர் இரண்டாம் முறை வாங்கத் தேவையே இல்லை. ட்ரியெஸ்டே வியாபாரி, தட்டுகள் மிகவும் அருமை, இனி அனுப்ப வேண்டாம் என்று நன்றி சொன்னார். கதவைச் சாத்தினார்கள். ராங்கெலோவ் சூளைக்குள் முயல் வளர்த்தார். பெண்கள் வசந்தம் வந்தால் ஸ்பெயினுக்கு ஸ்ட்ராபெரி பறிக்கப் போனார்கள். அவர்கள் பேருந்துக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றப்பட்டதால் இலையுதிர்காலத்தில் தவறாமல் திரும்பி வந்தார்கள், சிலர் கூடவே ஒரு ஸ்பானியனையும் அழைத்துக்கொண்டு.

பேருந்து கிளம்புவதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு வசந்தத்தில்தான் மின்காவுக்கு யோசனை வந்தது. போய்விட்டவனுக்குப் பின்னால் இனி தண்ணீர் ஊற்ற முடியாது. ஆனால் வழி தெரிந்தவர்களை அவனிடம் அனுப்பலாம். நேராக ராங்கெலோவிடம் போய், முயல்களை வெளியே எடுக்கச் சொன்னாள்.

"குட்டி போட்டிருக்கும்மா."

"குட்டியோட எடுங்க."

சூளையைத் தானே மூட்டி, நாற்பது சூப்புத் தட்டுகளைச் சுட்டெடுத்தாள். அவற்றை இரண்டு பெட்டிகளில் அடுக்கி, ட்ரியெஸ்டே வழியாகப் போகும் பேருந்தில் வீதாவிடம் ஒப்படைத்தாள். செப்புக் குடத்தை அவள் தூக்குவதைப் பார்த்ததும் வீதா ஜன்னலைத் திறந்து கத்தினாள்: "பாத்து ஊத்துடி. என்னையும் சேத்து இழுத்துராத, எனக்கு ஆகஸ்ட் வரைக்கும் வேலை இருக்கு." (வீதா மே மாதமே வந்துவிட்டாள். அதற்காகப் பல வருடம் மின்காவோடு பேசவில்லை என்று சொல்லிக்கொண்டாள், சொன்னது மின்காவிடம்தான்.)

தட்டுகளோடு மின்கா ஒரு வரியைச் சொல்லியனுப்பியிருந்தாள்: "இதுங்க கண்டிப்பா வரும். பின்னாடி வர்றதும் வராததும் உன் இஷ்டம்." ஸ்பாஸ் பெட்டிகளைத் திறந்து தட்டுகளைத் தரையில் வைத்தான். அவை ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதுபோல் ஒரு கணம் இருந்துவிட்டு, விளிம்பில் எழுந்து, கிழக்கே உருளத் தொடங்கின. அவன் தங்கியிருந்த அறையின் விளக்கைக்கூட அணைக்காமல் லாரியில் ஏறினான். தட்டு உருளும் வேகத்துக்கு லாரி போக வேண்டும் என்றால் முதல் கியரைத் தாண்ட முடியாது. ஸ்லோவேனியாவைத் தாண்டினார்கள், குரோவேஷியாவைத் தாண்டினார்கள். மேட்டில் தட்டுகள் மூச்சு வாங்கின. இறக்கத்தில் அவன் மூச்சு வாங்கினான்.

செர்பியாவில், பிரோட்டுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. அழைத்ததைவிட அதிகம் பேர் வந்து, பெண்ணின் அப்பா தட்டுப் போதாமல் தெருவில் நின்று தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்போது நாற்பது சூப்புத் தட்டுகள் வரிசையாக உருண்டு வந்தன, பின்னால் ஒரு லாரியோடு.

"தம்பி, இதெல்லாம் உன் தட்டா?"

"என் பெண்டாட்டியோடது."

"சாப்பாடு முடியறவரைக்கும் குடேன்."

"நான் எங்கண்ணே குடுக்குறது? அதுங்களைக் கேளுங்க."

பெண்ணின் அப்பா கேட்பதற்கு நேரமில்லாமல் முதல் தட்டில் ஒரு கரண்டி இறைச்சிக் குழம்பை ஊற்றிவிட்டார். தட்டு அப்படியே படுத்துவிட்டது. சாப்பாடு உள்ள தட்டு நகராது. அது அவற்றின் பண்பு. ஊரே சாப்பிட்டது, ஸ்பாஸும் சாப்பிட்டான். கடைசி ஆள் ரொட்டியால் துடைத்து முடித்ததும் தட்டுகள் எழுந்தன, தங்களை எண்ணிக்கொண்டன, கிளம்பின. வாத்தியக்காரர்கள் ஊர் எல்லை வரை வாசித்துக்கொண்டே வழியனுப்பினார்கள். பெண்ணின் அப்பா மட்டும் யோசனையோடு நின்றார். எடுத்து அடுக்க ஆள் வேண்டாம், எவரும் மடியில் மறைத்துக்கொண்டு போக வழியில்லை. ஓடிவந்து லாரி ஜன்னலைத் தட்டி, அடுத்த மாதம் தன் தம்பி மகளுக்குக் கல்யாணம், இருநூறு பேர் என்றார்.

தட்டுகள் கர்னேவோவுக்குள் நுழைந்தபோது மின்கா தக்காளிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தாள். நாற்பதும் அவளைத் தாண்டி உருண்டு போகும்வரை காத்திருந்தாள். பின்னால் லாரி வந்து நின்றது.

"ஒம்பது வருஷம்," என்றாள்.

"முதல் கியர்ல வந்தேன்," என்றான் ஸ்பாஸ்.

அதற்குப் பிறகு கர்னேவோ தட்டு விற்பதை விட்டுவிட்டு, தட்டை வாடகைக்கு விட ஆரம்பித்தது. ராங்கெலோவ் முயல்களை நீச்சல்குளத்துக்கு மாற்றினார். அதில் தண்ணீர் வற்றிப் பல வருடம் ஆகியிருந்தது. ஸ்பெயினுக்குப் போன பெண்கள் திரும்பி வந்து கொம்பும் இறகுமாக உட்கார்ந்தார்கள். கல்யாணம், ஞானஸ்நானம், துக்கவீடு, கட்சி மாநாடு என்று ஏழு நாடுகளுக்கு லாரிகள் போயின, காலியாகத் திரும்பின, பின்னாலேயே தட்டுகள் வந்தன. பிளோவ்டிவ் ஊர்க்காரர் ஒருவர் இதைப் பார்த்து, தானும் தட்டு வாடகைக்கு விட ஆரம்பித்து, சம்பளத்துக்கு ஒரு பெண்ணை வைத்துத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். தட்டுகள் ஒழுங்காகத் திரும்பின, அந்தப் பெண்ணின் வீட்டுக்கு. ஸ்பாஸ் மட்டும் காலி லாரியை வேகமாக ஓட்டிக்கொண்டு வராமல், தட்டுகளுக்குப் பின்னால் முதல் கியரிலேயே வந்தான். மின்கா ஒவ்வொரு முறையும் ஊற்றினாள். ஒருவேளை தண்ணீர் இல்லாவிட்டால், தட்டு இல்லாவிட்டால், இவன் வருவானா என்ற கேள்வி மட்டும் அவளுக்குப் பல்லிடுக்கில் மாட்டிய நார்போல் இருந்துகொண்டே இருந்தது. அதைச் சோதித்துப் பார்க்கும் துணிச்சல் அவளுக்கு இல்லை.

சோதனை தானாக வந்தது. ஸ்பாஸ் மேற்கு எல்லைக்கு அப்பால் ஸ்கோப்பியேவில் ஒரு கல்யாணத்துக்குத் தட்டு ஏற்றிக் கிளம்பிய காலை, மின்காவுக்குக் கன்னம் வீங்கிப் பல் பிடுங்கப் போக வேண்டியிருந்தது. தண்ணீர் ஊற்றும் பொறுப்பை வீதாவிடம் விட்டாள். அன்று தொலைக்காட்சித் தொடரில் கதாநாயகிக்கு நினைவு திரும்பும் நாள். வீதா மறந்துவிட்டாள். மறந்ததை ஒரு வாரம் சொல்லவும் இல்லை. கல்யாணம் முடிந்து நாட்கள் ஆயின. கார்லோவோ சாலையில் ஒரு கிண்ணம்கூட வரவில்லை. வீதா கடைசியில் வந்து, கதவருகிலேயே நின்று விஷயத்தைச் சொன்னாள். கேலி எதுவும் செய்யவில்லை. அதிலிருந்தே நிலைமை எவ்வளவு மோசம் என்று மின்காவுக்குப் புரிந்தது.

"நான் வேணா ஸ்கோப்பியே வரைக்கும் போய்ப் பாக்கட்டா?" என்றாள் வீதா.

"எதுக்கு? அவர் அங்க இருக்கமாட்டார். எந்தப் பசுவைப் பாத்துக்கிட்டு நிக்கிறாரோ."

பத்தாம் நாள் பகலில் லாரிச் சத்தம் கேட்டது. மேற்கிலிருந்து வர வேண்டியவன் வடக்கிலிருந்து வந்தான். லாரி முழுக்க டான்யூப் நதிக்கரைச் சேறு. முன் கண்ணாடியில் ருமேனியாவின் சுங்கச் சீட்டு ஒட்டியிருந்தது. பின்னால் தட்டு எதுவும் இல்லை. இறங்கியவன் தாடி வளர்ந்து, எதையோ சாதித்தவன் போலவும் எதற்கோ வெட்கப்படுகிறவன் போலவும் நின்றான்.

"தட்டு எங்க?" என்றாள் மின்கா.

"இன்னும் வரலையா? கிளம்புற மாதிரியே தெரியல. ரெண்டு நாள் பாத்தேன். அப்புறம் நான் வந்துட்டேன்."

"வழி எப்படித் தெரிஞ்சுது?"

ஸ்பாஸ் தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ தேடினான். பிறகு தணிந்த குரலில் சொன்னான். "கேட்டேன்."

"யார்கிட்ட?"

"எல்லார்கிட்டயும்."

வாசலில் நின்றிருந்த வீதா சிலுவை போட்டுக்கொண்டாள். முப்பது வருடம் லாரி ஓட்டியும், நேபிள்ஸில் போய் நின்றபோதும்கூட, அவன் லாரியை நிறுத்தி ஒரு மனிதனிடம் வழி கேட்டதில்லை. அவன் குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை. செய்தி அன்றே ஊர் முழுக்கப் பரவியது. ஊர் அதைக் கேட்டுக்கொண்டது, நல்லது என்றது, மிளகாய் விலை ஏறியதைப் பற்றிப் பேசப் போய்விட்டது.

மறுநாள் காலை, ஸ்கோப்பியேவில் கிடக்கும் தட்டுகளை எடுத்துவர ஸ்பாஸ் கிளம்பினான். மின்கா வாசல் வரை வந்தாள். கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. லாரி தெருமுனையில் தவறான பக்கம் திரும்புவதைப் பார்த்துவிட்டு உள்ளே போய் மாவு பிசைந்தாள். அவன் அடுத்த செவ்வாய்க்கிழமை தட்டுகளோடு வந்து சேர்ந்தான், கிரீஸ் வழியாக.